முழங்கைச் சூடு

ஊத்துக்கோட்டைப் பண்ணையில் ஏற்றும்போது
வெறும் தூறல்தானாம்.
மூலக்கடையில் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு போனது.
கணேசபுரம் சப்வேயில் கழுத்தளவு தண்ணீர்.
சுற்றிச் சுற்றிப் புளியந்தோப்பு வந்துசேர
ராத்திரி ஒன்றேமுக்கால்.

குட்டியானையின் பின்கதவைத் திறந்தான் பரமேசு.
நூற்றெண்பது கோழி.
ஒரு சத்தமில்லை.

கரண்ட் போய் ஆறு மணி நேரம்.
தஸ்தகீர் பாய் செல்போனை வாயில் கவ்விக்கொண்டு
கூடைக்குள் வெளிச்சம் காட்டினார்.
நனைந்த தலையணைகள்.
கழுத்துகள் கூடை இடுக்கில் தொங்கின.
‘போச்சு’ என்றான் பரமேசு.

பாய் ஒன்றை எடுத்து
இறக்கைக்கு அடியில் விரலை விட்டார்.
தொலைந்த சாவியைப் பையில் துழாவுகிறவர் மாதிரி
வெகுநேரம் நின்றார்.
‘இருக்கு.’

செத்ததை அறுத்து விற்கக் கூடாது.
எங்கள் கடையில் அது சட்டம்.
உயிரோடு இருப்பதைத்தான் கொல்லலாம்.
ஆகவே காப்பாற்றத் தொடங்கினோம்.

இறகு பிடுங்கத் தண்ணீர் காய்ச்சும் அண்டா
பன்னிரண்டு வருஷமாக என் பொறுப்பு.
கொதிக்கவிட மட்டும்தான் அதில் எனக்குப் பழக்கம்.
அன்றைக்கு அடுப்பைச் சிம்மில் வைத்து
முழங்கையை விட்டுப் பார்த்தேன்:
என் மகளைக் குளிப்பாட்டிய சூடு.

ஒவ்வொன்றாகக் கழுத்துவரை அமிழ்த்திப் பிடித்தேன்.
தலை மட்டும் உள்ளங்கையில்.
கோழியின் இமை கீழிருந்து மேலே மூடும் என்பதை
இத்தனை ஆயிரம் கோழிக்குப் பிறகு
அப்போதுதான் பார்த்தேன்.

‘அவசரப்படாத சகாயம்.
தல நிக்காததுக்குத் தண்ணி ஊத்தாத,
மூச்சுல ஏறிடும்.
மொதல்ல தொவட்டு, அடி இறகு வரைக்கும் தொவட்டு.
ஈரத்தோட வுட்டா திரும்பவும் வெறச்சிடும்.’

துவட்டுவதற்கு
அரிசிச் சாக்கு, பாயின் லுங்கி மூன்று,
பரமேசுவின் காக்கிச் சட்டை,
எதிர் போர்ஷன் கோமளா
கதவைத் திறந்து, பேசாமல் எறிந்த ஜமுக்காளம்.
பிறகு அவளே வந்து
நைட்டியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மாடியிலிருந்து கெசியா இறங்கி வந்தாள்.
அப்பாவின் ஹெல்மெட்டுக்குள்
மாதாகோயில் திருவிழாவில் வாங்கிய
ரோஸ் கலர் குஞ்சு, விறைத்து.
‘இதுக்கும்’ என்றாள்.

வெந்நீரில் ரோஸ் கரைந்து போனது.
அடியில் சாதாரண மஞ்சள்.
‘இது என்னுது இல்ல’ என்று அழுதாள்.
அவளைச் சமாதானம் செய்ய நேரமில்லை.
துடைத்து என் ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன்.
ஐஸ் துண்டு.
அதை மறந்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மூணே கால் இருக்கும்,
சாக்கு மூலையிலிருந்து
எண்ணெய் காணாத கீல் மாதிரி ஒரு சத்தம்.
எல்லோரும் கையை நிறுத்தினோம்.
இன்னொன்று.
பிறகு, இரண்டு பக்கமிருந்தும்.
பாய் விரலில் வெல்லத் தண்ணீர் தொட்டு
நிமிர்ந்த அலகுகளுக்கு மட்டும் தடவிக்கொண்டே போனார்.

நாலு மணிவாக்கில்
என்னை உள்ளேயிருந்து யாரோ கொத்தினார்கள்.

முப்பத்தொன்று வரவில்லை.
பாய் அவற்றைத் தனியாக அடுக்கினார்.
உதடு அசைந்தது.
நஷ்டத்தைக் கூட்டினாரா, வேறெதுவுமா,
நான் கேட்கவில்லை.

விடிந்தபோது மழை இல்லை, கால்வாய் நாற்றம்தான்.
ஞாயிற்றுக்கிழமை.
முழங்கால் தண்ணீரில் தூக்குச்சட்டியோடு
முதல் ஆள் வந்துவிட்டார்.
‘கிலோ எவ்ளோ பாய்?’
‘பத்து மணிக்கு மேல வாங்க.’
‘ஏன், சரக்கு வர்லியா?’
‘தூங்குதுங்க.’
வந்தவர் சிரித்தார்.
பாய் சிரிக்கவில்லை.

பத்து மணிக்குக் கத்தி வழக்கம்போல் கூர்.
வழக்கம்போல் இறைவன் பெயர்.
மாடிப்படியில் ஹெல்மெட் கத்திக்கொண்டிருந்தது.
அடுப்பைப் பெரிதாக்கினேன்,
அண்டா தளதளவென்று கொதித்தது.
முதல் கோழியை அமிழ்த்தும் முன்
சூடு பதமா என்று
முழங்கையை விட்டுவிட்டேன்.